பேகனின் போர்வை: புறநானூற்றுப் பேகன் பாடல்களில் மயிலும் மனைவியும்

ஆய்வுச் சுருக்கம்

வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தி தமிழ் மரபில் ஈகையின் உச்சமாகப் போற்றப்பட்டு வருகிறது. அச்செய்தியைத் தரும் புறநானூற்றுப் பாடல்கள், அவனால் துறக்கப்பட்ட மனைவியின் பொருட்டுப் புலவர்கள் பாடிய பாடல்களோடு ஒரே வரிசையில் (141–147) அமைந்துள்ளன. இவ்வேழு பாடல்களையும் ஒருசேர வாசிக்கும்போது, மயிலுக்குக் காட்டிய பரிவு புகழுரையாக மட்டும் நில்லாமல் மன்னனின் அருளை அவனுக்கே நினைவூட்டும் வாதமாகவும் செயற்படுவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பேகன், மயில், அருள், கொடைமடம், குறுங்கலி, பரணர்

முன்னுரை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகனை இன்றைய வாசகர் அறிவது ஒரு செயலால்தான். காட்டு மயில் ஒன்று நடுங்கக் கண்டு, தன் போர்வையை அதற்கு அளித்தவன் என்பதே அவனைப் பற்றிய பொது நினைவு. பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியோடு இணைத்து இது பள்ளிப் பாடநூல்களிலும் மேடைகளிலும் எடுத்துரைக்கப்படுகிறது. ஆயின் புறநானூற்றில் பேகனைப் பாடும் 141 முதல் 147 வரையிலான ஏழு பாடல்களுள் மயில் செய்தி இடம்பெறுவது 141, 145 ஆகிய இரண்டில் மட்டுமே. இரண்டும் பரணர் பாடியவை. 143 முதல் 147 வரையிலான ஐந்து பாடல்கள் துறக்கப்பட்ட மனைவியின் துயரைப் பொருளாகக் கொண்டவை. எண்ணிக்கையில் மிகுந்த இப்பகுதி பொது நினைவில் இடம்பெறாமல் போனது ஏன் என்னும் வினா எழுகிறது.

பயன் கருதாக் கொடை

141ஆம் பாடல் ஆற்றுப்படை அமைப்பினது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்குப் பேகனைச் சுட்டுகிறான். மயில் ஆடையை உடுத்தவோ போர்த்தவோ செய்யாது என்பதை அறிந்தே பேகன் அதனை வழங்கினான் என்று அப்பாடல் வெளிப்படையாகக் கூறுகிறது. எனவே, மயிலின் இயல்பு அறியாத மன்னனின் பேதைமை எனச் சிலர் இச்செயலை நகைப்பது பாடலின் கூற்றுக்குப் பொருந்தாது. பயனின்மையைப் பரணர் மறைக்கவில்லை. அதனையே கொடையின் சிறப்பாக்குகிறார். மறுமைப் பயனை நோக்காது பிறர் வறுமையை மட்டும் நோக்குவது பேகனின் ஈகை என்பது அப்பாடலின் முடிபு.

142ஆம் பாடல் இதனையே வேறொரு வகையில் கூறுகிறது. வறண்ட குளத்திலும் வயலிலும் மட்டுமன்றிக் களர்நிலத்திலும் பெய்யும் மழை பேகனுக்கு உவமையாகிறது. இடம் ஆராயாது வழங்குவதால் கொடையில் மடம் உண்டு. படை நடத்துவதில் மடம் இல்லை. கொடைமடம் என்னும் சொல் இங்குப் பாராட்டாகவே நிற்கிறது. எனினும் ஒரு நுட்பம் கருதத்தக்கது. எங்கும் பெய்யும் மழை ஓரிடத்தில் மட்டும் பெய்யாதொழிந்தால் அந்த உவமை என்னாகும் என்பதே அடுத்துவரும் ஐந்து பாடல்கள் எழுப்பும் வினா.

வாயிலில் நின்ற பெண்

143ஆம் பாடலில் கபிலர், மழை வேண்டிப் பலியிட்டுப் பின்னர் அதே மழை மிகுந்தபோது மேலே எழுக என வேண்டும் குறவர்களின் நாட்டைக் காட்டுகிறார். வேண்டியபோது பெய்து வேண்டியபோது நிற்கும் மழை அந்நாட்டினது. அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வாயிலில் புலவர் பேகனையும் அவன் மலையையும் பாடியபோது, பெண்ணொருத்தி கண்ணீரை நிறுத்தமாட்டாது குழல் இரங்குவதுபோல் அழுகிறாள். வேண்டுதலுக்கு இணங்கி மழை நிற்கும் நாட்டில் அவள் கண்ணீர் நிற்கவில்லை.

144ஆம் பாடல், அருளாதிருத்தல் கொடியது என்னும் கருத்துடனேயே தொடங்குகிறது. மாலைப்பொழுதில் செவ்வழிப் பண்ணில் பேகனின் கானத்தைப் பாடிய பரணர், அழுது நின்றவளை நோக்கி அவனுக்கு உறவோ என வினவுகிறார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தான் அவனுக்கு உறவினள் அல்லள் என்கிறாள் அவள். தன்னையொத்த வேறொருத்தியின் நலம் விரும்பி அவன் முல்லை வேலியுடைய ஊருக்கு வருவதைப் பலரும் சொல்கின்றனர் என்றும் கூறுகிறாள். உறவை மறுக்கும் அக்கூற்று, வறுமைக்கு உறவாய் நின்ற வள்ளல் மனைவிக்கு உறவாய் நில்லாமையைச் சொல்லாமற் சொல்கிறது.

சான்றாகும் மயில்

இப்பின்னணியில்தான் 145ஆம் பாடலில் மயில் மீண்டும் வருகிறது. மயில் நடுங்கும் என அருளிப் போர்வை ஈந்த பேகனே எனப் பரணர் விளிக்கிறார். அடுத்து அவர் கூறுவன இரண்டு: பசியால் வரவில்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையும் இல்லை. பிறர் வறுமையை நோக்கி ஈபவன் எனப் பாராட்டிய அதே புலவர், இங்குத் தமக்கு வறுமை இல்லை என்கிறார். அவர் இரப்பது ஒன்றே: இன்றிரவே தேரேறிச் சென்று அவளது துயரைக் களைதல் வேண்டும்.

141இல் மயில், பாணனை மன்னனிடம் ஆற்றுப்படுத்தும் புகழ்ச்செய்தி. 145இல் அது மன்னனை மனைவியிடம் ஆற்றுப்படுத்தும் சான்று. அருள் என்னும் சொல்லும் இவ்வாறே தொடர்கிறது. 144இல் அது மனைவிக்கு மறுக்கப்பட்டது. 145இல் மயிலுக்கு வழங்கப்பட்டது. அப்பாடலிலேயே அருளை விரும்புபவனே என்னும் விளியாகவும் வருகிறது. கேளாத பறவையின் நடுக்கத்தை உணர்ந்தவன், தன் மனையாளின் நடுக்கத்தை உணராமை தகுமோ என்பது கூறப்படாத வினா. புகழ்மொழியை இடித்துரையாக மாற்றும் இவ்வுத்தியில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை.

கூந்தலும் கலாவமும்

146ஆம் பாடலில் அரிசில் கிழார் அணிகலனும் செல்வமும் வேண்டா என மறுத்து, மனைவியின் கூந்தல் நறும்புகையும் மாலையும் பெறுமாறு தேர் பூட்டுக என்கிறார். அக்கூந்தலுக்கு அவர் தரும் உவமை தொகுத்து வைத்த மயிற்கலாவம். 145ஐ அடுத்து இது வருவதால் பொருள் ஆழம் பெறுகிறது. போர்வை பெற்ற மயில் காட்டில் இருக்கிறது. மயிலனைய கூந்தலுடையவள் பேணுவாரின்றி இருக்கிறாள். 147இல் பெருங்குன்றூர் கிழார், கார்கால மழைத்துளியின் ஓசையைத் தனியளாய்க் கேட்டிருக்கும் அவளைக் காட்டி, எண்ணெய் துறந்த அவள் கூந்தல் மாசு நீங்கிப் புதுமலர் சூட இன்றே புறப்படுவதே தமக்குப் பரிசில் என்கிறார்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இவை பெருந்திணையில் குறுங்கலித் துறைக்குரிய மரபுப் பாடல்கள். கண்ணகி என்னும் பெயரும் பாடல்களில் இல்லை, கொளுவில் மட்டுமே உள்ளது. ஆகவே இவற்றை வாழ்க்கை வரலாறாகக் கொள்ளல் ஆகாது. இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் புலவர்களின் வாதம் வரலாற்றுண்மையைச் சார்ந்து நிற்பதன்று. புகழ்பெற்ற அருளுக்கு எல்லை எங்கே என்னும் வினா பாடல்களுக்குள்ளேயே உள்ளது. அவ்வினாவுக்கும் ஓர் எல்லை உண்டு. மனைவி மீண்டும் பூச்சூடுவதே தீர்வாகச் சுட்டப்படுகிறது. முல்லை வேலியூர்ப் பெண்ணின் குரல் எங்கும் கேட்கவில்லை. ஆணின் வருகையே பெண்ணின் துயர் தீர்க்கும் என்னும் மனையறக் கருத்தைப் புலவர்கள் கடக்கவில்லை.

மரபு தேர்ந்துகொண்டவை

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, வள்ளல்கள் எழுவரைத் தொகுத்துரைக்கும் பகுதியில் பேகனை மயிலுக்குக் கலிங்கம் நல்கியவனாக மட்டுமே அறிமுகப்படுத்துகிறது. பழமொழி நானூறு முல்லைக்குத் தேரையும் மயிலுக்குப் போர்வையையும் இணைத்து, அறிமடமும் சான்றோர்க்கு அழகு என்கிறது. பட்டியலாக்கும் மரபு ஒருவனுக்கு ஒரு செயலையே தேர்ந்துகொள்கிறது. 141ஆம் பாடலின் மயில் அதற்கு இயைந்தது, 145ஆம் பாடலின் மயில் இயையவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபின் ஏழு பாடல்களும் ஒருங்கே வாசிக்கக் கிடைத்தும், பொது நினைவு பட்டியலையே பின்பற்றி வருகிறது.

முடிவுரை

பேகன் பாடல்களில் மயில், ஈகையின் அடையாளமாகத் தொடங்கி அருளின் உரைகல்லாக முடிகிறது. மயிலுக்குப் போர்வை தேவையில்லை என்பதைப் பாடலே ஒப்புக்கொள்கிறது. மனைவிக்குக் கணவனின் வருகை தேவை என்பதை ஐந்து பாடல்கள் வலியுறுத்துகின்றன. வேண்டாத உயிருக்கு வழங்கியதை நினைவில் கொண்டு, வேண்டி நின்ற உயிருக்கு வழங்காததை மறப்பது அப்புலவர்களின் நோக்கத்துக்கு மாறானது. 141ஆம் பாடலைக் கற்பிக்குமிடத்து 145ஐயும் உடன்வைத்துக் கற்பித்தல், பேகனின் புகழைக் குறைப்பதாகாது. புலவர்கள் அவனிடம் எதிர்பார்த்த நிறைவை மாணவர் உணரச் செய்வதாகும்.