வெட் கிளட்சா, டிரை கிளட்சா?

டிசிடி (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் எத்தனை கியர் என்று கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, உள்ளே இருப்பது வெட் கிளட்சா, டிரை கிளட்சா என்பதுதான்.

இரண்டிலும் வேலை ஒன்றே. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது தயாராக நிற்கும். வித்தியாசம் சூட்டில்தான். வெட் வகையில் உராய்வின் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். டிரை வகைக்குக் காற்றுதான் துணை.

ஃபோக்ஸ்வாகன் இரண்டையும் செய்திருக்கிறது. 2003-இல் கோல்ஃப் ஆர்32-இல் வந்த 6 கியர் டிஎஸ்ஜி (டிசிடிக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்த பெயர்) வெட்; 2008-இல் வந்த 7 கியர் டிரை. முன்னதற்கு ஆறரை லிட்டர் எண்ணெய், பின்னதற்கு 1.7 லிட்டர். எண்ணெயைக் கலக்கும் வீண் சுமை இல்லாததால் டிரையில் மைலேஜ் சற்றுக் கூடும். ஆனால் அது தாங்குவது 250 நியூட்டன் மீட்டர் வரைதான். அந்த டிரை பெட்டியோடு வரும் ஃபோக்ஸ்வாகன் டைகனின் 1.5 இன்ஜின் தருவதும் சரியாக அவ்வளவே.

திண்டிவனம் சாலையில் டைகனை விரட்டியபோது கியர் மாறியதை டேக்கோமீட்டர் முள் இறங்கித்தான் சொன்னது, உடம்புக்குத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் டிரை வகைக்குக் குறையே இல்லை.

கத்திப்பாரா நெரிசல் வேறு கதை. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வெட் கிளட்ச் வண்டி வழுக்கினாற்போல் நகரும். டிரையில் கிளட்ச் பிடிக்கும் நொடி லேசான உதறலாகக் காலில் தட்டும். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஊர்ந்தால் பிளேட் தேய்ந்துகொண்டே சூடேறும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பதும் அதே கெடுதல்தான்.

வெட் என்றால் பெரிய இன்ஜினுக்குத்தான் என்பதும் பழைய கணக்கு. 2022-இல் வந்த டாடா அல்ட்ராஸ் டிசிஏ (டாடாவின் டிசிடி) 113 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்கே வெட் கிளட்ச் தந்தது. நெக்ஸான் டிசிஏவும் வெட்தான். வெட் வகையின் செலவு சர்வீஸில் தெரியும்: ஃபோக்ஸ்வாகனின் அந்த 6 கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

தினமும் நகர நெரிசலிலும் மலைப்பாதையிலும் ஓட்டுகிறவர்கள் வெட் வாங்குங்கள். நெடுஞ்சாலையே கதி என்றால் டிரை போதும். கியர்பாக்ஸுக்கு நீட்டித்த வாரண்டியையும் சேர்த்தே எடுங்கள்.