பாடகர் காதில் என்ன கேட்கிறது?

சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் சினிமா இசை நிகழ்ச்சி. நல்ல கூட்டம். நடுவில் வந்த ஒரு பாடகர் பல்லவியை ஒழுங்காகத்தான் எடுத்தார். சரணத்தில் மேலே போனபோது சுருதி கொஞ்சம் கொஞ்சமாக விலகி, முடிக்கும்போது கீபோர்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. பாட்டு முழுக்கக் காதில் கை வைத்து எதையோ அழுத்திக்கொண்டே இருந்தார். நான் எழுதிய விமரிசனத்தில் அவருக்கு இரண்டே வரி: ‘ஸ்டூடியோவில் சுருதியைச் சரிபண்ண மெஷின் இருக்கிறது. மேடையில் இல்லையே, பாவம்!’ எழுதிவிட்டு நானே ரசித்தேன். நாலு பேர் போன் பண்ணிப் பாராட்டவும் செய்தார்கள்.

போன வருஷம் அதே பாடகரின் வேறொரு நிகழ்ச்சி. தெரிந்தவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஓரத்தில் கறுப்புத் துணி மறைவில் ஒரு பெரிய மிக்ஸர். அதன் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். “ஜனங்களுக்குக் கேக்கற சவுண்டை மைதானத்து நடுவுல இருக்கிறவர் பாத்துக்குவார் சார். மேடையில இருக்கிறவங்களுக்குக் கேக்கறது என் வேலை” என்று ஓர் இயர்போனை நீட்டினார். மாட்டிக்கொண்டேன். ஒரு பட்டனை அழுத்தி, “இது டிரம்மர் காது” என்றார். ஒரே டிக் டிக் டிக், கூடவே பேஸ் கிடார். அடுத்த பட்டன், “இது கீபோர்டு காது.” அதில் பாட்டு எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்டது. ஒரே மேடை, ஒரே பாட்டு, பத்துப் பேர் காதில் பத்து விதம்.

பேச்சுவாக்கில் அந்தப் பழைய நிகழ்ச்சியைக் கேட்டேன். “அன்னிக்கும் நான்தான் சார். பொன்னாடை, பேச்சுன்னு மேடையை விடவே இல்லை. சவுண்ட் செக்குக்கு ஒரு மணி நேரம் கேட்டோம், பத்து நிமிஷம் கிடைச்சுது. அந்த அவசரத்துல, முன்னாடி பாடின அம்மாவுக்குப் போட்ட மிக்ஸே இவருக்கும் போயிடுச்சு. அவங்க குரல்தான் பெரிசா வெச்சிருந்தது. இவர் மைக் வேற. பாதிப் பாட்டு இவர் குரல் இவருக்கே கேக்கலை.”

நான் இயர்போனைக் கழற்றி மெதுவாக மேஜையில் வைத்தேன்.

தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று 1911-லேயே பிரெஞ்சு டாக்டர் எட்டியென் லொம்பார் கவனித்துச் சொல்லிவிட்டார். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறான். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பந்தியிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பேச்சில் உயர்த்தினால் தொண்டை கட்டும், அவ்வளவுதான். பாட்டில் உயர்த்தினால் சுருதியும் இடம் மாறும். தன் குரல் கம்மியாகக் கேட்டால் பாடகர் முட்டிக்கொண்டு பாடுவார், சுருதி மேலே போகும். ரொம்பப் பெரிதாகக் கேட்டால் அடக்கிப் பாடுவார், சுருதி கீழே தொங்கும். இது சவுண்ட்காரர்கள் அனுபவத்தில் சொல்வது.

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் கச்சேரி. ஏறக்குறைய 55,600 பேர், விடாமல் அலறல். பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்பு சொல்கிற ஒலிபெருக்கிகளில் பாட்டு போனது. மேடையில் இருந்த நாலு பேருக்கும் தாங்கள் என்ன பாடுகிறோம் என்று கேட்பதற்குத் தனி ஸ்பீக்கர் கிடையாது. டிரம்மர் ரிங்கோ, முன்னால் நிற்பவர்களின் உடம்பு அசைவதைப் பார்த்தே பாட்டில் எந்த இடம் என்று தெரிந்துகொண்டதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தக் கச்சேரியைப் படமாக எடுத்தார்கள். பார்த்தால் பிரமாதமாக இருக்கும். ஆனால் காதில் விழுவது முழுக்க அன்றைய பாட்டு இல்லை. 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் உட்கார்ந்து பல இடங்களைத் திரும்பப் பாடி, வாசித்து ஒட்டினார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் அவர்கள் டிக்கெட் கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்கள். காரணங்கள் பல. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்பது அதில் முக்கியமான ஒன்று.

அப்புறம்தான் பாடகரின் காலடியில் சரிவாக ஒரு ஸ்பீக்கர் வைக்கும் வழக்கம் பரவியது. இதற்கு மானிட்டர் என்று பெயர். நம் சபாக்களில் வித்வான் கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டுவது இதைத்தான், ‘கூட்டு, இன்னும் கூட்டு’ என்று. இதில் ஒரு சங்கடம். ஒருவருக்குக் கூட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தன்னுடையது கேட்காது. அவருக்கும் கூட்ட வேண்டும். கடைசியில் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் புகுந்து ‘கூஊஊ’ என்று ஊளையிடும். அந்த ஊளை இல்லாமல் ஒரு சீசன் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ராக் கச்சேரிகளில் இந்தப் போட்டி காதையே பலி வாங்கியது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயாஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். ராக் மேடை 100-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும், கச்சேரியோ இரண்டு மணி நேரம். ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனை 2016-ல் டாக்டர்கள் ‘சுற்றுப்பயணத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முழுச் செவிடு’ என்று எச்சரிக்க, அவர் சுற்றுப்பயணத்தின் நடுவில் விலக நேர்ந்தது. தன் கார் பந்தயப் பைத்தியமும் இதற்குக் காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் காதுக்குள்ளேயே செருகும் இன்-இயர் மானிட்டர். 80-களிலேயே ஸ்டீவி வொண்டர் போன்ற சிலர் உபயோகித்தார்கள். 1995-ல் வான் ஹேலன் குழுவின் மானிட்டர் இன்ஜினீயர் ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒன்றைச் செய்து கொடுத்தார். பேஸுக்கு ஒன்று, மேல் ஸ்வரங்களுக்கு ஒன்று என்று உள்ளே இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். காதின் அச்சை எடுத்து அதற்கேற்ற கூடு. மற்றவர்களும் கேட்க ஆரம்பிக்க, அதுவே ஒரு கம்பெனியாகிவிட்டது. இன்று நம் ஊர் பாடகர்களின் காதில் பளபளப்பது இதன் வாரிசுகள்தான்.

சரி, பிரச்னை தீர்ந்ததா? ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒரு சுருதி பிடியுங்கள். குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இல்லை? எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியே போக வழியில்லாமல் காதுக்குள் மாட்டிக்கொள்கிறது. பாடகர் இன்-இயரைச் செருகியதும் அவருக்குக் கேட்பது இந்தப் பானைக் குரல். அதோடு ஜனங்களின் சத்தம், மேடையின் சத்தம் எல்லாம் ஏறக்குறைய 25 டெசிபல் குறைந்துவிடும். கைதட்டல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழை போல இருக்கும்.

இந்தத் தனிமையைச் சரிபண்ணத்தான் மிக்ஸருக்கும் காதுக்கும் நடுவில் ஒரு ப்ராசஸர். தனிப் பெட்டியாகவும் இருக்கலாம், மிக்ஸருக்குள்ளேயே இருக்கலாம். அந்த இளைஞர் அதை ட்யூன் செய்ததை அன்று பூராவும் பார்த்தேன். இதுவும் ஒரு வித்தைதான்.

முதலில் அவர் தொட்டது லிமிட்டர். யாராவது மைக்கைக் கீழே போட்டாலும், வயர்லெஸ்ஸில் ‘படார்’ என்று வெடித்தாலும், ஒரு அளவுக்கு மேல் சத்தம் போகாமல் தடுக்கும் சுவர். “ஸ்பீக்கர் ஆறு அடி தள்ளி இருக்கு சார். இது செவிப்பறைக்கு ஒரு விரக்கடைல இருக்கு. லிமிட்டர் போடாம நான் யார் காதுக்கும் எதுவும் அனுப்ப மாட்டேன்.”

அடுத்து ஈக்யூ. பாடகரைப் பாடச் சொல்லி, அந்தப் பானைச் சத்தம் எந்த இடத்தில் முட்டுகிறதோ அந்தக் கீழ் ஸ்வரப் பகுதியைக் கொஞ்சம் வெட்டினார். பிறகு இடம் ஒதுக்குவது. நிஜத்தில் பாடகருக்கு இடப்பக்கம் கீபோர்டு என்றால் காதிலும் இடப்பக்கம். தபலா வலம் என்றால் வலம். குரல் மட்டும் நடுவில். எல்லாவற்றையும் நடுவிலேயே குவித்தால் ஒன்றை ஒன்று அமுக்கும், உடனே ‘கூட்டு, கூட்டு’ ஆரம்பிக்கும். பிரித்து வைத்தால் குறைந்த சத்தத்திலேயே எல்லாம் கேட்கும். அப்புறம் ஒரு சிட்டிகை ரிவர்ப். ஒரு சிட்டிகை என்றால் சிட்டிகைதான். அதிகமானால் சுருதி எங்கே நிற்கிறது என்பது மங்கிப்போகும். கம்ப்ரஸரை அவர் குரலில் ஏறக்குறைய தொடவே இல்லை. “அழுத்திட்டா அவர் மெதுவா பாடறதும் சத்தமா பாடறதும் அவருக்கு ஒண்ணாவே கேக்கும். அப்ப எதுக்கு மெதுவா பாடணும்னு தோணிடும்.” பாட்டில் பாவம் எங்கே தொலைகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஒரு குமிழ் திருகலில் தொலையும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசியாக, மேடையின் இரண்டு ஓரத்திலும் ஜனங்களைப் பார்த்து வைத்த இரண்டு மைக்குகள். பாட்டு முடிந்ததும் அவற்றைக் கொஞ்சம் ஏற்றுகிறார். பாடகர் காதில் கைதட்டல் திரும்ப வருகிறது. இதைச் செய்யாத மேடைகளில்தான் பாடகர் ஒரு பக்க இயர்போனைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுப் பாடுகிறார். நாம் அதை ஸ்டைல் என்று நினைக்கிறோம். திறந்த காதில் மேடைச் சத்தம் முழுசாக மோதும். அதற்கு ஈடுகொடுக்க மூடிய காதில் ஒலியைக் கூட்டுவார். இரண்டு காதுக்கும் சேதம்.

குறையும் சொல்ல வேண்டும். எல்லோர் காதிலும் டிக் டிக் ஓடினால் பாட்டு தாளம் பிசகாமல் நிற்கும், பின்னால் திரையில் ஓடும் படத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஜனங்கள் ஒரு வரிக்கு ஆர்ப்பரிக்கிறார்கள், இன்னொரு தரம் பாடலாம் என்று பாடகருக்கு ஆசை வருகிறது, முடியாது. டிக் டிக் நிற்காது. பல பெரிய நிகழ்ச்சிகளில் எல்லாம் சரியாக இருந்தும் வீட்டுக்கு வரும்போது சி.டி. கேட்டுவிட்டு வந்த மாதிரி இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பக்கவாத்தியக்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட வேண்டாத மேடை எனக்கு அவ்வளவாகச் சம்மதம் இல்லை.

யோசித்தால் இந்த விஷயம் நமக்குப் புதிதே இல்லை. பாடகருக்குப் பின்னால், காதுக்குக் கிட்டத்தில் தம்புரா வைத்து மீட்டுவது எதற்கு? ஜனங்களுக்காகவா? முதல் மானிட்டர் அதுதான். தவுலின் சத்தத்துக்கு நடுவிலும் நாதஸ்வரக்காரரை விட்டு விலகாமல் ஒத்து ஊதுபவர் ஒருவர் நிற்பாரே, அவரும்தான். பாடுகிறவன் முதலில் கேட்கிறவன் என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொன்னாடை போர்த்துகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை. பந்தலுக்கும் விளக்குக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் சவுண்ட் செக்குக்கு ஒரு மணி நேரம் கொடுப்பதற்கு அழுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தின் விலை, ஒரு பாடகரின் பெயர்.

விமரிசகனுக்கும் இதில் பங்கு உண்டு. சுருதி விலகினால் விலகியது என்றுதான் எழுத வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கு அது பாக்கி. ஆனால் ஏன் விலகியது என்று தெரியாமல், பாடகருக்குப் பாடத் தெரியாது என்று எழுதுவது வேறு. முன்னது காது சொன்னது. பின்னது நான் சேர்த்தது.

நிகழ்ச்சி முடிந்து அந்தப் பாடகர் இறங்கி வந்தார். அன்று சுருதி அப்பழுக்கில்லை. என்னை அறிமுகம் செய்துகொண்டு, அந்த இரண்டு வரியைச் சொல்லி, தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். சிரித்தார். “ஞாபகம் இருக்கு சார். அன்னிக்குச் சுருதி போனது நிஜம்தானே? அதை நீங்க எழுதத்தான் வேணும். எனக்கு ஒண்ணுதான் வருத்தம். போனது உங்களுக்குக் கேட்டுது, எனக்குக் கேக்கலை. கேட்டிருந்தா அங்கேயே திருத்தியிருப்பேன்.”

அந்த விமரிசனம் அச்சாகிவிட்டது, அழிக்க முடியாது. அதைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தையும் அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.