பிரதியைக் கொல்லும் ஆசிரியன்

1982-இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த பிறகு, ஆசிரியன் இறந்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லியே நமக்கு வாய் வலித்துப் போயிற்று. பிரதி வாசகனுடையது என்றோம். சரி. பிரதி வாசகன் கையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது. ஆசிரியன் உயிரோடிருந்துகொண்டு பிரதியைக் கொன்றால்?

வீடியோ கேமில் இது நடக்கிறது. யுபிசாப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. தனியாளாக ஓட்டுவதற்கும் கம்பெனி சர்வர் வேண்டும் என்பதாகவே அது கட்டப்பட்டிருந்தது. காசு கொடுத்தவன் வீட்டில் டிஸ்க் இருக்கிறது, விளையாட்டு இல்லை. 'நீ வாங்கியது வெறும் உரிமம்தானப்பா' என்பது கம்பெனியின் வாதம்.

நம்மூர்ப் பையன்களுக்கு இது புதிதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்து, அறையில் நாலு பேராகப் பப்ஜி ஆடியவர்களை நான் அறிவேன். 2020 செப்டம்பர் 2-இல் அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. அக்டோபர் 30-இல் டென்சென்ட் இந்தியர்களுக்கான சேவையையே நிறுத்தியது. அங்கே கம்பெனி, இங்கே அரசு என்று அதிகாரத்தைப் பிரித்துப் பேசலாம். ஆடுகிறவன் கைக்கு எட்டாத இடத்தில் ஸ்விட்ச் இருப்பது இரண்டுக்கும் பொது.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. ஆனால் பழைய நோக்கியா 1100 ஒன்றைத் தேடிப்பிடித்துச் சார்ஜ் போட்டுப் பாருங்கள், பாம்பு இன்றும் இரை தின்னும். யாருடைய அனுமதியும் அதற்கு வேண்டாம்.

இந்த அழிப்புக்கு எதிராக ஐரோப்பாவில் தொடங்கிய குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. சர்வரைக் காலத்துக்கும் ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கடையைச் சாத்தும்போது ஆடத்தக்க நிலையில் விட்டுப் போ என்கிறார்கள், அவ்வளவுதான்.

இது ஏதோ சின்னப் பசங்க சமாச்சாரம் என்று தோழர்கள் ஒதுக்கக்கூடும். நம் சிறுபத்திரிகைகளில் பத்து இதழ் தாண்டாதவை எத்தனை! நின்றுபோன பின்னும் யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று கிடக்கிறது; ஜெராக்ஸ் போட்டுப் படிக்கிறோம். இப்போது நாமும் கம்பெனி சர்வர்களில்தான் எழுதிக் குவிக்கிறோம். அந்த ஸ்விட்ச் யார் கையில் என்று கேட்காத விமர்சனம், வாசகனின் விடுதலை பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.