நாற்பது பக்க அறிக்கையில் இல்லாத எண்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா வீட்டு மச்சான் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "மாப்ளே, நீங்க கம்ப்யூட்டர்லயே இருக்கறவரு. இதுல என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க. மாசம் பன்னெண்டாயிரம் கட்டிட்டிருக்கேன்."

மச்சானுக்குக் கிணத்துக்கடவு பக்கம், பொள்ளாச்சி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பட்டறை. எரிந்துபோன போர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது, பம்ப் ரிப்பேர் பார்ப்பது, இதுதான் தொழில். கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்து பேசி, பதினோரு மாதமாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தது. ஃபைலில் இருந்தது கடைசி மாத அறிக்கை. நாற்பது பக்கம். எல்லாக் கோடும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன். ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுவதுபோல இதையும் வரிவரியாகப் படித்தால் என்ன என்று தோன்றியது. மாதாமாதம் காசு கொடுத்து வாங்கும் எழுத்து இது. ஆனால் வாங்குகிறவர்கள் யாரும் இதை முழுசாகப் படிப்பதில்லை. அதனால் இந்தக் குறிப்பு.

அறிக்கை என்ன சொல்கிறது

முதல் பெருமை: "47 கீவேர்டுகள் முதல் பக்கத்தில்." பட்டியலைப் பார்த்தேன். "பெஸ்ட் பிரீமியம் மோட்டார் ரீவைண்டிங் சொல்யூஷன்ஸ் புரொவைடர் இன் கிணத்துக்கடவு" என்பது அதில் ஒன்று. மோட்டார் எரிந்து, தென்னைக்குத் தண்ணி பாயாமல் நிற்கிற ஒருத்தர் இதை டைப் பண்ணுவாரா? யாருமே தேடாத சொற்றொடரில் முதலிடம் பிடிப்பது சுலபம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

இரண்டாவது, இம்ப்ரெஷன். யாரோ எதையோ தேடும்போது நம் பக்கத்தின் சுட்டி முடிவுகளில் காட்டப்பட்டால் அது ஒரு இம்ப்ரெஷன். அதை அழுத்தி உள்ளே வந்தால்தான் கிளிக். கூகுள் தன் சர்ச் கன்சோலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில்தான் தருகிறது. அறிக்கையில் இம்ப்ரெஷன் கோடு இருக்கிறது, கிளிக் கோடு இல்லை. ஒரே திரையில் இருக்கும் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் போடுவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றாவது, டொமைன் அத்தாரிட்டி 8-லிருந்து 14 ஆகிவிட்டதாம். இது மோஸ் என்கிற நிறுவனம் தானே கணக்கிட்டுத் தரும் மதிப்பெண். கூகுள் இதைப் பயன்படுத்துவதில்லை, மோஸே இதைச் சொல்கிறது. அறிக்கையைப் படித்தால் கூகுளே கூப்பிட்டு மார்க் போட்டதுபோல இருக்கிறது.

நான்காவது, 320 பேக்லிங்க். அதாவது மற்ற தளங்களிலிருந்து மச்சான் தளத்துக்கு வரும் சுட்டிகள். இருபதைத் திறந்து பார்த்தேன். பாதி, ஆளே எட்டிப்பார்க்காத முகவரிப் பட்டியல்கள். ஒன்று எந்த நாட்டுதோ ஒரு சமையல் வலைப்பூவின் பின்னூட்டம். கேக் செய்முறைக்குக் கீழே கிணத்துக்கடவு மோட்டார் பட்டறை.

நாற்பது பக்கத்திலும் இல்லாத எண் ஒன்று இருக்கிறது. இதனால் எத்தனை பேர் போன் பண்ணினார்கள்? மறுநாள் மச்சான் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு அதையே கேட்டார். "சார், அது எங்க ஸ்கோப்ல வராதுங்க" என்று பதில் வந்தது.

சுட்டி ஏன் சரக்கானது

சுட்டிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று புரிய 1998-க்குப் போகவேண்டும். அதற்கு முந்தைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சொற்களை வைத்தே முடிவு செய்தன. ஒரே சொல்லை ஐம்பது தடவை எழுதினால் மேலே வரலாம். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் அந்த வருடம் பிரிஸ்பேனில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் கூகுளின் அமைப்பை விளக்கி ஒரு கட்டுரை சமர்ப்பித்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையை மற்ற கட்டுரைகள் மேற்கோள் காட்டுவதை வைத்து மதிப்பிடுவதுபோல, வலைப்பக்கத்தையும் அதற்கு வரும் சுட்டிகளை வைத்து மதிப்பிடலாம் என்பது பேஜ்ரேங்கின் அடிப்படை. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் சுட்டிக்கு எடை அதிகம்.

அருமையான யோசனை. ஒரு சின்னச் சிக்கல்தான். சுட்டிக்கு மதிப்பு இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்த நாளிலிருந்து சுட்டி விற்பனைக்கு வந்துவிட்டது. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: எந்த அளவுகோலை வைத்துக் கட்டுப்படுத்தத் தொடங்குகிறோமோ, அந்த அளவுகோல் அதோடு கெட்டுப்போகும். அதன் பிறகான தேடல் வரலாறு பெரும்பாலும் இந்த ஓட்டப்பந்தயம்தான். கீவேர்ட் மெட்டா டேகைக் கண்டுகொள்வதே இல்லை என்று 2009-ல் கூகுள் அறிவித்தது. தரமற்ற பக்கங்களைக் குறிவைத்து 2011-ல் பாண்டா, செயற்கைச் சுட்டிகளைக் குறிவைத்து 2012-ல் பெங்குவின், மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் புதிய விதிகள்.

இதில் ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் பழைய பெரிய சில்லறைக் கடைச் சங்கிலிகளில் ஒன்று ஜே.சி.பென்னி. 2010 கடைசியில், பண்டிகைச் சீசனில், கவுன் என்று தேடினாலும் படுக்கை விரிப்பு என்று தேடினாலும் தரைவிரிப்பு என்று தேடினாலும் கூகுளில் அவர்கள்தான் முதலில் வந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் துருவிப் பார்த்தபோது, சம்பந்தமே இல்லாத தளங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அந்தக் கடைக்குச் சுட்டி கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. 2011 பிப்ரவரியில் செய்தி வந்தது. கூகுள் கையாலேயே நடவடிக்கை எடுத்தது. சாம்சோனைட் பயணப்பெட்டிக்கான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்தவர்கள் இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, கடை தன் எஸ்.இ.ஓ. ஆலோசகர்களை நீக்கியது.

கடைக்காரருக்குத் தெரியாமல் நடந்ததா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தண்டனை விழுந்தது கடையின் பெயருக்கு. பென்னிக்கு ஊர் ஊராகக் கடை இருந்தது, தாங்கியது. மச்சான் பெயரில் இருக்கும் 320 சுட்டிக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் ரிப்போர்ட் எழுதினவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். பட்டறை இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரி, கூகுள் யோக்கியமா?

எஸ்.இ.ஓ. காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பாதி விமர்சனம். கூகுளின் வழிகாட்டிகளைப் படித்தால் ஒரே உபதேசம்: மனிதர்களுக்காக எழுதுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அதே 1998 கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருமானத்தில் ஓடும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுகிறவரின் தேவையிலிருந்து விலகும் என்று அந்த இரண்டு பேரே எழுதியிருக்கிறார்கள். இன்று பல தேடல்களில் விளம்பரத்தைத் தாண்டித்தான் முதல் முடிவைப் பார்க்க முடிகிறது.

வெளியே சொன்னதும் உள்ளே இருந்ததும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. பயனர்களின் கிளிக்குகளுக்குத் தரவரிசையில் பெரிய பங்கில்லை என்கிற தொனியில்தான் கூகுள் தரப்பினர் வருஷக்கணக்காகப் பேசிவந்தார்கள். 2023-ல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் கூகுளின் தேடல் துறைத் துணைத்தலைவர் பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது, கிளிக் தரவைப் பயன்படுத்தும் நேவ்பூஸ்ட் என்கிற அமைப்பைப் பற்றி விவரமாகச் சொன்னார். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார்.

"பாத்தீங்களா, கூகுள் மறைக்குது, அதனால எங்ககிட்ட இருக்கற ரகசியம்தான் வேலை செய்யும்" என்பது எஸ்.இ.ஓ. தொழிலின் வாதம். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அதிலிருந்து கிளம்பி வரவில்லை. மனிதர்கள் எதை அழுத்துகிறார்கள் என்பது கணக்கில் வருகிறதென்றால், வந்தவருக்கு விடை கிடைக்கும் பக்கத்துக்குத்தானே மதிப்பு கூடும்? கேக்குக்குக் கீழே போட்ட சுட்டி அதற்கு எப்படி உதவும்?

அறிக்கை மறைத்த இன்னொரு அடிப்படை விஷயம் உண்டு. உள்ளூர்த் தேடலுக்கு மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: பொருத்தம், தூரம், பெயர். மோட்டார் ரிப்பேர் தேடுகிறவர் காந்திபுரத்தில் நின்றால் காந்திபுரத்துப் பட்டறைதான் முதலில் வர வாய்ப்பு அதிகம். கோயம்புத்தூர் முழுக்க மச்சானை முதலிடத்தில் நிறுத்துவேன் என்பவர் தூரத்தை எப்படிக் குறைப்பார்? முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, உள்ளூர்த் தரவரிசையைக் காசு கொடுத்து உயர்த்த முடியாது என்று கூகுள் எழுத்திலேயே போட்டிருக்கிறது.

என் தப்பு

இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. மச்சானின் தளத்தை 2008-ல் செய்துகொடுத்தது நான்தான். புது வேலை, புது உற்சாகம். தமிழ் எழுத்துரு சிலர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று தமிழ் வரிகளையெல்லாம் படமாகப் போட்டேன். தேடுபொறியைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் தமிழே இல்லை. அது போதாதென்று யாரோ சொன்னார்கள் என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "மோட்டார் மோட்டார் மோட்டார்" என்று கீழே எழுதிவைத்தேன். பதினாறு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் அப்படியே இருக்கிறது. பதினோரு மாதம் காசு வாங்கினவர்களும் பார்க்கவில்லை, பதினாறு வருடம் சோறு சாப்பிட்ட நானும் பார்க்கவில்லை.

இதைத்தான் எஸ்.இ.ஓ. என்ற பெயரில் செய்யவேண்டும். தேடுபொறி படிக்கிற மாதிரி பக்கம் இருக்கிறதா, போனில் சீக்கிரம் திறக்கிறதா, சுட்டிகள் உடைந்திருக்கிறதா? நல்ல ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், இந்த வேலையைச் செய்து நியாயமான கூலி வாங்குகிறார்கள்.

அக்கா பட்டறைப் போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். யார் கூப்பிட்டார், என்ன கேட்டார் என்று அதில் எழுதுவாள். அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். மூணு ஹெச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்ட எவ்வளவு? எத்தனை நாளாகும்? முழுக்கத் தாமிரக் கம்பியா? திரும்ப எரிஞ்சா யார் பொறுப்பு? தோட்டத்துக்கே வந்து எடுத்துக்குவீங்களா? ஞாயித்துக்கிழமை இருப்பீங்களா? இவைதான் உண்மையான கீவேர்டுகள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விலையைப் போட மச்சான் சம்மதிக்கவில்லை. "போட்டா, அடுத்த பட்டறைக்காரன் நூறு ரூவா கம்மியாச் சொல்லுவானுங்க மாப்ளே." கடைசியில் இத்தனையிலிருந்து இத்தனை வரை, எதனால் கூடும், எதனால் குறையும் என்று எழுதினோம். எல்லாம் தமிழில், படமாக இல்லாமல் எழுத்தாக. வரைபடத்தில் பட்டறையின் புள்ளி பக்கத்துத் தெருவில் இருந்தது, அதைச் சரிசெய்தோம். என் வெள்ளை எழுத்தை அழித்தேன். மாதப் பணத்தை மச்சான் நிறுத்திவிட்டார்.

பலன்? நோட்டில் அக்கா "எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறாள். போனில் பார்த்து வந்ததாகச் சொன்னவர்கள் மார்கழியில் மூன்று பேர், தையில் ஏழு பேர். இந்த ஏழும் நாங்கள் செய்த வேலையால்தான் என்று நான் சொல்லமாட்டேன். வெயில் ஏற ஏற மோட்டார் எரிவதும் கூடும். ரோட்டோரத்தில் இருக்கிற இன்னொரு பட்டறை இன்னும் பல தேடல்களில் மச்சானுக்கு முன்னால்தான் வருகிறது.

உங்கள் கடைக்கோ கம்பெனிக்கோ இப்படி ஒரு அறிக்கை வந்தால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சொற்களை யார் தேடுகிறார்கள்? கிளிக் எங்கே? எத்தனை பேர் கூப்பிட்டார்கள்? மூன்றாவதற்குப் பதில் அவர்களிடம் இருக்காது. அது உங்கள் வீட்டு நோட்டில்தான் இருக்கும், எழுதி வைத்தால்.