இருபத்தைந்தில் ஒரு பங்கு உண்மை

1966 ஆகஸ்டில் பந்தய அணி உரிமையாளர் ஜூனியர் ஜான்சன் அட்லாண்டா ஓடுதளத்துக்குக் கொண்டுவந்த மஞ்சள் நிற ஃபோர்டை, ஆலையிலிருந்து நேரே வந்த வண்டி என்று யாரும் நம்பியிருக்க முடியாது. கூரை தாழ்ந்திருந்தது. முன்கண்ணாடி அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தது. மூக்கு தரையை நோக்கி இறங்கியிருக்க, வால் மேலே தூக்கி நின்றது. பார்த்தவர்கள் ‘மஞ்சள் வாழைப்பழம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஃப்ரெட் லோரன்சன் அந்த ஒரு பந்தயத்தில்தான் அதை ஓட்டினார். இன்று அதைச் சிற்றளவில் செய்ய நினைப்பவர் 1966 ஃபோர்டு கேலக்சியின் பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, மஞ்சள் சாயம் அடித்து, கதவில் 26 என்று ஒட்டினால் கையில் மிஞ்சுவது ஒரு மஞ்சள் கேலக்சி. லோரன்சனின் வண்டி அதில் எங்கும் இல்லை.

பழைய ஸ்டாக் கார்களைச் சிற்றளவில் செய்வதன் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வண்டியில் அடங்கிவிடுகிறது. இந்தக் கைவேலையைப் பொழுதுபோக்குக்கு மேலான ஒன்றாக நான் மதிக்கிறேன். அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஒரு காலத்தை, அதன் பணிமனைகளை, அங்கு நடந்த தில்லுமுல்லுகளை விரல்களால் படித்தறியும் வழி அது. அப்படி மதிப்பதால்தான், வெறும் பொம்மைதானே என்று அதன் குறைகளைக் கடந்துபோக மனம் வரவில்லை.

ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948இல் பதிவானது. மறு ஆண்டு ஜூன் 19 அன்று சார்லட்டில் அது நடத்திய முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தின் விதி எளியது: ஆலையிலிருந்து வந்தபடியே வண்டி இருக்க வேண்டும். கோட்டை முதலில் தாண்டியவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்து சோதித்தபோது அவருடைய 1947 ஃபோர்டின் பின்பக்க ஸ்பிரிங்கில் யாரோ கைவைத்திருப்பது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துபவர்கள் சரக்கின் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்துகொள்ளும் வேலை அது. டனவேயின் வெற்றி செல்லாது என்றாயிற்று. லிங்கன் ஓட்டிவந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசு போனது. வெளியே ஆலை வண்டி, உள்ளே பணிமனை வண்டி என்ற இரட்டை வாழ்க்கை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. கிட் நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியே தெரியும் வண்டியைத்தான் தருகின்றன. உள்ளே இருப்பதைச் செய்பவரே தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்தத் தேடல்தான் இக்கலையின் பெரிய பலம். ஏ.எம்.டி. நிறுவனம் 1958இல் 1/25 அளவில் ‘ஒன்றில் மூன்று’ கிட்களை வெளியிட்டது. ஒரே பெட்டியிலிருந்து ஆலை வண்டியோ, அலங்கார வண்டியோ, பந்தய வண்டியோ செய்துகொள்ளலாம். அந்தப் பந்தய வண்டி பெயரளவுக்குத்தான். நம்பத் தகுந்த ஒன்றைச் செய்ய, குரோம் பட்டைகளை அரத்தால் சீவியெடுத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட வேண்டும். அகலமான டயருக்காகப் பணிமனைக்காரர்கள் தகட்டை வெட்டிய இடத்தில் நாமும் வெட்ட வேண்டும். ஓட்டுநரைச் சுற்றியுள்ள குழாய்க் கூண்டுக்கு எத்தனை குழாய்கள், எங்கே வளைவு, எங்கே பற்றவைப்பு என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பந்தய வரலாறு எழுதுபவர் “ஹட்சன் ஹார்னெட்டில் வந்து வென்றார்” என்று ஒரு வரியில் தாண்டிவிடலாம். மாதிரி செய்பவரால் அப்படித் தாண்ட முடியாது. ஓடும்போது கதவு திறந்துவிடாமல் தோல்வாரால் கட்டினார்களா? முகப்பு விளக்கின் மேல் ஒட்டுநாடா இருந்ததா? எல்லாவற்றுக்கும் அவர் பதில் வைத்திருந்தாக வேண்டும்.

ஹார்னெட்டையே எடுத்துக்கொள்வோம். 1952இல் நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் நடந்த 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன் வண்டிகள் வென்றன. எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் போட்டியில் இருக்கும்போது ஆறு சிலிண்டர் வண்டி இப்படி வாரிக்குவித்தது எப்படி? இரட்டைக் கார்பரேட்டரும் ஒரு காரணம்தான். ஆனால் மோபியஸ் நிறுவனத்தின் ஹார்னெட் கிட்டைப் பூட்டும்போது இன்னொரு காரணம் கைக்குத் தட்டுப்படுகிறது. மற்ற வண்டிகளில் சட்டத்தின் மேல் தரைத்தகடு உட்காரும். இதில் சட்டத்தின் இரு கைகளுக்கு நடுவே தரை இறங்கி உட்காருகிறது. ஏறுபவர் உள்ளே காலை இறக்கி வைக்க வேண்டியிருக்கும். அதனால் வண்டியின் எடை தரையை ஒட்டித் தங்கியது. வளைவுகளில் மற்ற வண்டிகள் சாயும் அளவுக்கு இது சாயவில்லை. இதைப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தரைத்தகட்டை அதன் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டு வரலாற்றில் இத்தனை தெளிவாகக் காரணத்தைக் காட்டும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பலத்திலிருந்தே முதல் குறை கிளைக்கிறது. மாதிரியால் சந்தேகத்தைச் சொல்ல முடியாது. 1950களின் சிற்றூர் மண் தடங்களில் ஓடிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் எஞ்சியிருக்கின்றன, அதுவும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்தவை. அடர்சிவப்பும் கருநீலமும் அவற்றில் ஒரே சாம்பலாகத் தெரியும். கட்டுரையாளர் “நிறம் தெரியவில்லை” என்று எழுதிவிட்டு நகரலாம். சாயம் அடிப்பவர் ஏதாவது ஒரு நிறத்தை அடித்தே ஆக வேண்டும். நிறம் தெரிந்த வண்டிகளிலும் தொல்லை உண்டு. ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் 43ஆம் எண் வண்டிகளின் புகழ்பெற்ற நீலம், வீட்டில் மீந்திருந்த வெள்ளையையும் நீலத்தையும் கலந்ததில் பிறந்தது என்பது அக்குடும்பத்தார் வழியாக வந்த கதை. கையால் கலந்த சாயம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே சாயலில் இருந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? செய்து முடித்த வண்டியிலோ, படத்தைப் பார்த்து உறுதிசெய்த பாகமும் ஊகத்தில் செய்த பாகமும் ஒரே பளபளப்போடு நிற்கும். பார்ப்பவர் இரண்டையும் ஒன்றுபோலவே நம்புவார். கண்காட்சியில் வண்டியோடு வைக்கும் அட்டையில் எது ஆதாரம், எது ஊகம் என்று நான்கு வரி எழுதிவைப்பது பெரிய சுமையல்ல. அதைச் செய்யாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன்.

அளவும் ஒரு கட்டத்துக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. பிளாஸ்டிக் உடலின் ஒரு மில்லிமீட்டர் கனம், 1/25 கணக்கில் உண்மை வண்டியின் 25 மில்லிமீட்டர். எந்தக் காரின் தகடும் அவ்வளவு தடித்ததில்லை. சக்கர வளைவின் உள்விளிம்பை அரத்தால் மெலிதாக்கிச் சமாளிக்கிறார்கள். நல்ல கைகள் அதைத் திறம்படச் செய்கின்றன. மோனோகிராம் நிறுவனம் 1980களில் தொடங்கிய நாஸ்கார் வரிசை 1/24 அளவிலானது. பழைய 1/25 வண்டியை அதன் அருகே வைத்தால் நீளத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வேறுபடும். ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் அப்படியே பொருத்த முடியாது. உடல்நலக் கேட்டையும் சொல்லிவிட வேண்டும். லாக்கர் ஆவியும் ரெசின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாதவை. முகமூடி இல்லாமல், மூடிய அறையில் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இவற்றைவிட என்னை வருத்துவது இந்த மாதிரிகளின் சுத்தம். 1964 மே 24 அன்று சார்லட்டின் 600 மைல் பந்தயத்தில் ஓட்டுநர் ‘ஃபயர்பால்’ ராபர்ட்ஸின் ஃபோர்டு கவிழ்ந்து தீப்பற்றியது. தீக்காயங்களோடு போராடிய அவர் ஜூலை 2 அன்று இறந்தார். தகர டேங்குக்குப் பதிலாக உள்ளே ரப்பர் பை வைத்த எரிபொருள் கலங்கள் வந்தது அதன் பிறகுதான். இன்று அவருடைய 22ஆம் எண் வண்டியைச் செய்பவர்கள் அதன் லாவெண்டர் நிறத்துக்காக மெனக்கெடுகிறார்கள். வண்டியைத் திருப்பிப் பார்த்தால் டேங்க் இருக்கும் இடம் வெறும் கறுப்புச் சாயமாக இருக்கும். அந்த மனிதரின் சாவுக்குக் காரணமான பாகம் அங்கேதான் இருந்தது. இதற்கு மறுகோடியில், 1964 வண்டியின் ஓட்டுநர் சன்னலில் வலை மாட்டிவிடுபவர்களும் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் ரிவர்சைடு பந்தயத்தில் ஓட்டுநர் ஜோ வெதர்லி இறந்தபோது சன்னலில் வலை கிடையாது. அவருடைய தலை வெளியே போய்ச் சுவரில் மோதியது. 1970 மே மாதம் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் வண்டி உருண்டபோது அவருடைய கை சன்னலுக்கு வெளியே தொங்கியது. அதன் பின்னரே வலை கட்டாயமானது. 1964 வண்டியில் வலையைக் காட்டுவது, இல்லாத பாதுகாப்பை இருந்ததாகச் சொல்வதாகிவிடும்.

எந்த வண்டி நினைவில் தங்கும் என்பதைச் சந்தையும் தீர்மானிக்கிறது. ரிச்சர்ட் பெட்டியின் வண்டிகளுக்கும், உயர்ந்த வால் இறக்கை வைத்த 1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனாவுக்கும், 1970 பிளிமத் சூப்பர்பேர்டுக்கும் கிட்டும் எண்களும் எழுத்துகளும் கொண்ட ஒட்டுப்படங்களும் எளிதில் கிடைக்கின்றன. கிடைப்பதைச் செய்கிறார்கள், செய்தது மேசைகளை நிறைக்கிறது, மேசையில் இருப்பதே அந்தக் காலம் என்று ஆகிவிடுகிறது. சனிக்கிழமை இரவுகளில் ஊர்ப்புற மண் தடத்தில் ஓடி, மறுவாரம் பழைய இரும்புக்குப் போன ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு அங்கே இடமில்லை.

வெண்டெல் ஸ்காட்டின் வண்டியில் இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லின் அரை மைல் மண் தடத்தில் 34ஆம் எண் செவர்லேயில் அவர் வென்றார். நாஸ்காரின் உச்சப் பிரிவில் கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது. அதிகாரிகள் பக் பேக்கர் வென்றதாக அறிவித்துக் கோப்பையை அவரிடம் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகே, ஸ்காட் இரண்டு சுற்று முந்தியிருந்ததை ஒப்புக்கொண்டார்கள். அவருடைய குடும்பத்தின் கைக்கு நாஸ்கார் கோப்பையைக் கொடுத்தது 2021இல். ஸ்காட் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் ஓட்டிய அந்த 1962 செவர்லே, சக ஓட்டுநர் நெட் ஜாரெட்டிடமிருந்து வாங்கியது. மெக்கானிக் வேலையைத் தானே பார்த்துக்கொண்டார், மகன்கள் உதவினார்கள், பல பாகங்கள் பிறர் ஓட்டிக் கழித்தவை.

அந்த வண்டியை ஏழு பூச்சு வார்னிஷ் அடித்து மின்ன வைத்தால் மாதிரி வண்டிகளுக்கான போட்டியில் மதிப்பெண் கூடும். மண் படிந்த சக்கரம், டிங்கரிங் பார்த்த தடம், ஒன்றோடொன்று சேராத பாகங்கள் என்று இருந்தபடியே செய்தால், கைவேலை சரியில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கும் நடுவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த அளவுகோல் மாற வேண்டும். ஸ்காட்டின் செவர்லேயைச் செய்ய உட்காருபவர், ஜாரெட்டின் கையிலிருந்து வந்த பிறகு அதில் எதெல்லாம் மாறியது, எதை மாற்ற அவரிடம் பணமில்லாமல் போனது என்பதைத் தேடிவிட்டுத்தான் சாயப் புட்டியைத் திறக்க வேண்டும். நடுவரும் வண்டியைக் கையில் எடுத்ததும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, அதைப் பற்றித்தான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்.