பின்மூடியில் தேய்ந்த எழுத்து

சென்ற தவக்காலத்தில் திருச்செங்கோட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னைக் காண வந்திருந்தார். ரிக் வண்டித் தொழிலில் நன்கு முன்னேறியவர். பேச்சினிடையே மணிக்கட்டை நீட்டித் தாம் புதிதாக வாங்கிய பழைய கைக்கடிகாரத்தைக் காட்டினார். எச்.எம்.டி. பைலட், சாவி கொடுத்தால் ஓடுவது. முகப்பு நல்ல ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தது. "மும்பையிலிருந்து வரவழைத்தேன், ஃபாதர். இது நான்காவது" என்றார்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் யாரோ பெயர் பொறித்திருக்கிறார்கள். அதை யாரோ தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். ஆண்டு மட்டும் தப்பியிருந்தது: 1979.

அந்த ஆண்டில் ஒரு கடிகாரத்தில் பெயர் பொறிப்பது எளிய செயலன்று. 1961-ஆம் ஆண்டு ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதற்கு முன் கைக்கடிகாரம் என்றாலே பெரும்பாலும் சீமைச் சரக்குதான். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று வரிசையாக வந்தவையே ஆசிரியர்க்கும் எழுத்தர்க்கும் லாரி ஓட்டுநர்க்கும் கடிகாரத்தை எட்டச் செய்தன. நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டதும், ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கு உடன் பணியாற்றியோர் காசு சேர்த்து வாங்கித் தந்ததும் அவற்றையே. 1969-இல் ஜப்பானில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. 1984-இல் டாட்டா குழுமமும் நம் மாநிலத்தின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை உருவாக்கின. அதன் தொழிற்சாலை எழுந்த ஓசூர், 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். எச்.எம்.டி.யை வீழ்த்திய கடிகாரம் நம் பழைய மாவட்டத்து மண்ணிலேயே பிறந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. 2016-இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவிய பிறகுதான், அதுவரை அலமாரியில் கிடந்தவற்றைத் தேடி ஆட்கள் கிளம்பினர்.

பழைய கடிகாரங்களைத் திரட்டி, உறையைத் தேய்த்து, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, முகப்பில் புதுச் சாயமேற்றி விற்பது இன்று பெரிய வணிகம். பைலட் என்றதும் பழையவர் நினைவுக்கு வருவது கறுப்பு முகப்பு. இப்போது வானவில்லின் எந்த நிறத்திலும் கிடைக்கிறது. விவரமறிந்த சேகரிப்பாளர் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்று ஏளனம் செய்வர். அவர்கள் ஏளனத்துக்குக் காரணம் பொறிக்கூறுகளின் அசல் தன்மை கெட்டது. பெயர் அழிந்ததற்காக வருந்துவோர் அவர்களுள்ளும் குறைவே.

மறுமுனையில் உயர்விலைக் கடிகாரங்களின் உலகம். ஜெனீவாவின் படேக் ஃபிலிப் நிறுவனம் 1996 முதல் ஒரு விளம்பரம் வெளியிட்டு வருகிறது. இக்கடிகாரம் உமக்கு ஒருபோதும் உரிமையாவதில்லை, அடுத்த தலைமுறைக்காக நீர் பேணிக் காப்பவர் மட்டுமே என்பது அதன் கருத்து. படத்தில் தந்தையும் மகனும். விளம்பர மொழியில் இதைவிடச் சிறந்த வாக்கியம் அரிது என்றே சொல்வேன். எங்கோ கேட்ட மொழியாக இருக்கிறதே என்று தோன்றினால் வியப்பில்லை: நாம் உடைமையாளரல்லர், பொறுப்பாளரே என்று எத்தனை ஞாயிறு மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்! ஆனால் லூக்கா நற்செய்தியின் பொறுப்பாளருக்கு இடப்பட்ட பணி, வீட்டு ஊழியர்க்கு உரிய வேளையில் உணவு அளந்து கொடுப்பது. விளம்பரத்தின் பொறுப்பாளரோ தம் மகனுக்காகப் பூட்டி வைக்கிறார். சொல் நம்முடையது, பொருள் வேறு. விதிவிலக்கும் உண்டு. 2019 நவம்பரில் இதே நிறுவனத்தின் கடிகாரம் ஒன்று 3 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனபோது, அது தசைநலிவு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்கான ஏலமாக இருந்தது.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு ஏலம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில், நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலக்ஸ் டேடோனா சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. கார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட கணவருக்கு, கவனமாக ஓட்டுங்கள் என்று பின்மூடியில் பொறித்துப் பரிசளித்தவர் அவர் மனைவி ஜோன் உட்வர்ட். 1984-இல் நியூமன், மகளின் நண்பரான இளைஞர் ஒருவரிடம் மணி கேட்டிருக்கிறார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனே இதைக் கழற்றி, சாவி கொடுத்தால் நன்றாகவே மணி காட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். உலகையே வியக்க வைத்த அந்த விலைக்குக் காரணம், ஒரு மனைவியின் கவலையும் ஒருவர் யோசியாமல் கொடுத்துவிட்டதும்தான். சேர்த்து வைத்தவர் எவரும் அதற்கு அம்மதிப்பைத் தரவில்லை. நியூமனின் பின்மூடியில் இருந்த எழுத்துக்குக் கோடிகள். 1979-இன் பெயரறியாத ஆசிரியருக்கோ ஓட்டுநருக்கோ உப்புத்தாள். இந்த ரசனையின் மீது எனக்குள்ள குறை இதுவே.

இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நாங்கள் வாங்காவிட்டால் காயலான் கடைக்குத்தானே போகும், ஃபாதர்?" என்றார். அதில் உண்மை இருக்கிறது; நான் மறுக்கவில்லை. பழுது பார்க்கும் கைகள் சில இன்றும் பிழைப்பது இவர் போன்றோரால்தான்.

அவர் போன பின் என் தந்தையாரின் ஜனதாவை எடுத்துப் பார்த்தேன். பல ஆண்டுகளாக நின்று கிடந்தது. மறுவாரம் சேலம் சென்றபோது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய கடையில் கொடுத்தேன். கண்ணில் லென்சு செருகிய பெரியவர் திறந்து பார்த்து, "மிஷின் நன்றாக இருக்கிறது, சாமி. டயல்தான் பழுத்துவிட்டது. புதிது போட்டுத் தரட்டுமா? கேட்டு வாங்க ஆள் இருக்கிறது" என்றார். டயல் அப்படியே இருக்கட்டும் என்றேன். எண்ணெய் போட்டுக் கொடுத்தார். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது. காலைத் திருப்பலிக்கு எழுந்ததும் திருத்திச் சாவி கொடுக்கிறேன்.