பீப்பாய் என்னும் கருவி

ஒரு கருவியைப் பரீட்சித்து எழுதப் புகுந்தவன் முதலில் சொல்ல வேண்டியவை, அது எந்தக் காரியத்துக்காக ஏற்பட்டது என்பதும், அந்தக் காரியத்தை எவ்வளவு செம்மையாக நிறைவேற்றுகிறது என்பதுமே. இங்கே நான் எடுத்துக்கொண்டிருக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. திரையும் பொத்தானும் கிடையா. ஓக் மரப் பலகைகளை நெருப்பில் வாட்டி வளைத்து, ஆணியோ பசையோ இன்றி இரும்பு வளையங்களால் இறுக்கிப் பூட்டிய பீப்பாய்தான் அது. பார்லி வைன் என்ற பெயரால் வழங்கும் கடுமையான பீரை மாதக்கணக்கில் தன்னுள் அடைத்துவைத்து, வேறொரு சுபாவத்தோடு வெளியே அனுப்புவது இன்று அதனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் அது பீருக்கு ஊழியம் செய்கிறதா, அல்லது எஜமானனாகவே அமர்ந்துவிடுகிறதா என்பதுதான் நான் ருசித்துத் தெரிந்துகொள்ள விரும்பிய விஷயம்.

இதற்கு ஏற்ற பரீட்சைப் பொருள் இங்கிலாந்தில் அகப்படுகிறது. மான்செஸ்டரை அடுத்த மிடில்டனில் 1828 முதல் தொழில் நடத்திவரும் ஜே.டபிள்யூ. லீஸ் என்ற குடும்ப நிறுவனம், 1986இல் தொடங்கி, அந்தந்த ஆண்டின் புது பார்லியையும், பீருக்குக் கசப்பூட்டும் புது ஹாப்ஸ் பூக்களையும் கொண்டு ‘ஹார்வெஸ்ட் ஏல்’ என்னும் பார்லி வைனைக் காய்ச்சி, ஆண்டைக் குறிப்பிட்டுச் சிறு புட்டிகளில் அடைத்து விற்றுவந்திருக்கிறது. அதே பீரின் ஒரு பகுதியை ஷெரி ஒயின், போர்ட் ஒயின், கால்வதோஸ் பிராந்தி, லாகவூலின் விஸ்கி ஆகிய நான்கு பானங்கள் முன்பு குடியிருந்த பீப்பாய்களில் தனித்தனியே முதிரவிட்டு, நான்கு தினுசுகளாகவும் வெளியிட்டது. உள்ளே ஊற்றிய திரவம் ஒன்றே. ஊற்றிய பாத்திரம் மட்டுமே வேறு. ஆகையால் நாக்கில் தென்படும் பேதமெல்லாம் பீப்பாயின் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டியதாகிறது. இதைக் காட்டிலும் நியாயமான சோதனை வேறு எங்கும் எளிதில் வாய்க்காது.

பீப்பாயைக் காணுமுன் பீரைக் காண்பது முறை. மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கையில் முதலில் இறங்கும் சாறு மிகவும் கெட்டியாயும் தித்திப்பாயும் இருக்கும். பிறகு வெந்நீர் விட விட நீர்த்துப்போகும். அந்தக் காலத்து ஆங்கிலேயக் காய்ச்சுவோர் முதற்சாற்றைத் தனியே பிரித்துக் கடும் பீராகவும், பின்சாற்றை அன்றாடம் குடிக்கும் இலேசான பீராகவும் ஆக்குவது வழக்கம். பர்ட்டன் நகரத்து பாஸ் நிறுவனம் தன்னுடைய ‘நம்பர் 1’ என்ற ஏல் வகைக் கடும் பீருக்குப் பார்லி வைன் என்று பெயரிட்டு விற்றதே அந்தப் பெயர் நிலைபெறக் காரணமாயிற்று. ஹார்வெஸ்ட் ஏலில் ஆல்கஹால் 11.5 சதவீதம். பிட்டர் எனப்படும் சாதாரண ஆங்கிலேய பீரில் ஏறக்குறைய 4 சதவீதமே என்பதை நினைத்துப் பார்த்தால், 275 மில்லி லிட்டர் கொண்ட இச்சிறு புட்டிக்குள் அந்த பிட்டரில் சுமார் 800 மில்லி லிட்டருக்குச் சமமான சரக்கு ஒடுங்கிக் கிடப்பது விளங்கும். அதன் பார்லி மாரிஸ் ஆட்டர். கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்டு 1965இல் வெளிவந்த இந்த ரகம் விளைச்சலில் புது ரகங்களுக்குப் பிற்பட்டதாயினும் சுவையைக் கருதி இன்னமும் விரும்பப்படுகிறது. ஹாப்ஸ், கென்ட் மாவட்டத்து கோல்டிங்ஸ். இத்தனை சர்க்கரையையும் முழுவதும் நொதிக்கவைக்கும் வல்லமை ஈஸ்ட்டுக்கு இல்லாமையால், பாதி வழியில் அது களைத்து ஓய்ந்துவிட, எஞ்சிய சர்க்கரை தித்திப்பாகத் தங்கிவிடுகிறது. பீப்பாயில் கால் வைக்காத சாதாரண ஹார்வெஸ்ட் ஏலைக் கிண்ணத்தில் ஊற்றி முகர்ந்தால், வெல்லப்பாகு கம்பிப் பதத்தைத் தாண்டி முற்றும் தறுவாயில் அடுப்படியிலிருந்து எழுமே, அந்த வாசனை முதலில் வரும். அதன் பின்னால் உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் மெல்லத் தலைகாட்டும்.

இனி மரத்தின் சமாசாரம். பீர் ஒரு காலத்தில் மரத்தைத் தவிர வேறெதிலும் தங்கியதில்லை. ஆனால் மரத்தின் ருசி பீரில் இறங்குவதைப் பழைய ஆங்கிலேயர் ஒரு குற்றமாகவே கருதினர். அமெரிக்க ஓக் அதிக வாசனை விடுவதென்று அதை ஒதுக்கி, பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த மெமல் ஓக் மரத்தையே அவர்கள் நாடியது இதனால்தான். மரத்தின் நுண்துளைகளில் குடியேறிய உயிர்களோ வேறு வகை உபகாரம் செய்தன. நெடுநாள் சேமித்த ஆங்கிலேய ஏலின் விசேஷ மணத்துக்குக் காரணமான ஈஸ்ட்டை, கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாஸன் என்பவர் 1904இல் இனங்கண்டு வெளியிட்டார். பின்னர் உலோகப் பீப்பாய் வந்து மரத்தை ஓரங்கட்டியது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மரம் திரும்பி வந்தபோது, எந்த ருசியைக் குற்றமென்று தள்ளினார்களோ அந்த ருசிக்காகவே அதை விலை கொடுத்து வாங்கும் நிலை உண்டாயிற்று. ரசனையின் சரித்திரத்தில் இப்படிப்பட்ட தலைகீழ் மாற்றங்கள் அபூர்வமல்ல.

மரத்தின் இந்த மறுவருகைக்கு அமெரிக்கச் சட்டம் ஒன்றும் மறைமுகமாகத் துணை நின்றது. போர்பன் விஸ்கியைப் புதிதாகச் செய்து உட்புறம் கருக்கிய ஓக் பாத்திரத்தில்தான் முதிரவிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஒரு முறை பயன்பட்ட பீப்பாய் போர்பனுக்கு மறுபடி உதவாது. ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஸ்காட்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் விலைபோகின்றன. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் காய்ச்சுசாலை அவற்றில் கடும் பீரை ஊற்றி வழி காட்டியபின் பீர் காய்ச்சுவோரும் வாங்கத் தொடங்கினர். நெருப்பில் கருகிய பலகை செய்யும் வேலை ரசாயனத்தால் விளங்கக்கூடியதே. மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலா மணமுள்ள வெனிலினைத் தருகிறது. மரச்சர்க்கரைகள் கருகி இனிப்பு மணமாகின்றன. ஓக் மரத்துக்கே உரிய லாக்டோன்கள் தேங்காயை நினைவூட்டும் வாசனையைச் சேர்க்கின்றன. டானின் துவர்ப்பைக் கொடுக்கிறது. இவற்றோடு பலகைகளில் ஊறிக் கிடக்கும் பழைய பானமும் பீரில் கசிகிறது. வெளிக்காற்றின் பிராணவாயுவும் இம்மி இம்மியாக உட்புகுகிறது. கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றிலும் அபாயமானது. அளவோடு புகுந்தால் பரிபக்குவம், அளவு மீறினால் பாழ்.

பரீட்சைக்குரிய ஏற்பாடுகள் சொற்பம்; ஆனால் அவற்றை அலட்சியம் செய்தவர்கள் பீரைக் குறை கூறுவதற்கு அருகதையற்றவர்கள். அடி பருத்து வாய் குறுகிய பிராந்திக் கிண்ணமே உத்தமம்; உயரமான பீர் தம்ளர் வாசனையையெல்லாம் கூரைக்கு அனுப்பிவிடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த மாத்திரத்தில் ஊற்றினால், ஹாப்ஸின் கசப்பும் ஆல்கஹாலின் காரமுமே முன்வந்து நிற்க, மற்றவையெல்லாம் வாய்மூடியிருக்கும். சுமார் 12, 13 பாகை செல்சியசுக்கு வரும்வரை கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருப்பது நல்லது. நூறு மில்லி லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் ஊற்ற வேண்டாம். நுரை அதிகம் எழாது. எழுந்ததும் விரைவில் அடங்கும். கிண்ணத்தின் பக்கங்களில் எண்ணெய் போன்று வழிந்திறங்கும் கோடுகளைக் கண்டு வியப்பதில் பிரயோஜனமில்லை, அது ஆல்கஹாலின் செயலேயன்றி நேர்த்தியின் லட்சணமன்று. அமெரிக்காவில் பீர் நடுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் அமைப்பின் மதிப்பெண் தாளில் 50க்கு 12 வாசனைக்கும், 20 சுவைக்கும், 3 தோற்றத்துக்கும், 5 வாயில் உணரும் தன்மைக்கும், 10 பொதுவான அபிப்பிராயத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மற்றப் பீர்களுக்கு இந்தப் பங்கீடு சரியே. பீப்பாயில் முதிர்ந்தவற்றுக்கு வாயில் உணரும் தன்மைக்கு வெறும் 5 என்பது கருமித்தனம் என்பேன். மரத்தின் கைவரிசை நன்றாக இருக்கிறதா என்பதை மூக்கைவிட ஈறும் நாவின் ஓரங்களுமே முதலில் கண்டுபிடிக்கின்றன.

ஷெரிப் பீப்பாயில் முதிர்ந்ததையே முதலில் சொல்கிறேன். நான்கிலும் அதுவே என் மனத்துக்கு உகந்தது, காரணமும் தெளிவானது. ஸ்பெயின் தேசத்து ஹெரெஸ் பிரதேசத்தில் ஷெரியின் கருத்த வகைகள் காற்றோடு நெடுங்காலம் பழகியே தங்கள் குணத்தை அடைகின்றன. பார்லி வைனும் எந்தப் பீப்பாயும் இன்றிப் புட்டிக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்தால், காற்றின் கிரியையால் வாதுமையும் உலர்ந்த அத்தியும் கலந்த அதே மணத்தை நோக்கித் தானாகவே நகரும். ஆகவே இந்தப் பீப்பாய் பீருக்கு அந்நியமான எதையும் போதிக்கவில்லை. தானே நாளடைவில் சென்று சேரக்கூடிய இடத்துக்குச் சற்று முன்னதாக அழைத்துச் செல்கிறது, அவ்வளவே. முதல் மிடறில் மால்ட்டின் தித்திப்பு முழுமையாக நிற்கிறது. அது தெவிட்டுமோ என்று தோன்றும் சமயத்தில் உப்புச் சாயலுள்ள ஒரு உலர்ந்த துவர்ப்பு நாவின் இரு ஓரங்களிலும் படர்ந்து அதை அடக்குகிறது. விழுங்கியபின் தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் மூச்சில் வறுத்த வாதுமையின் வாசனை நிற்கிறது. கிண்ணம் காலியான பின்னும் அடியில் முகர்ந்து பார்த்தால், பழைய மர அலமாரியைத் திறந்தாற்போன்ற வாசனையும் உண்டு.

போர்ட் பீப்பாயைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை. வர்ணம் சற்றுச் சிவக்கிறது, செம்பழங்களின் இனிமை சேர்கிறது. ஆனால் இனிப்புக்கு மேல் இனிப்பு என்பதால் அரைக் கிண்ணத்துக்குள் ஆவல் தணிந்துவிடுகிறது. நார்மண்டியின் ஆப்பிள் பிராந்தியாகிய கால்வதோஸின் பீப்பாய், இதற்கு மாறாக, ஒரு மெல்லிய புளிப்பைக் கொணர்ந்து சேர்த்து, கனத்த பீரை இலேசாக்கிக் காட்டுகிறது. வாசனையில் ஆப்பிள் தெரிவதைவிட ஆப்பிளின் தோல் தெரிகிறது என்று சொன்னால் பொருத்தமாயிருக்கும். இதற்கு ஸ்டில்டன் பாலாடைக்கட்டி ஒரு துண்டு துணையிருந்தால் உப்பும் புளிப்பும் தித்திப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். நால்வரில் உணவோடு உறவாடத் தெரிந்தவர் இவர்தாம்.

லாகவூலின் வேறொரு ஜாதி. ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா தீவில் 1816 முதல் இயங்கிவரும் அந்த வடிசாலையில், பீட் எனப்படும் சதுப்புநிலக் கரியின் புகையேறிய மால்ட்டிலிருந்தே விஸ்கி உண்டாகிறது. பலகைகளில் ஊறிய அந்தப் புகை பீரில் இறங்கும்போது அடக்கம் என்பதை அறியாது. மூடியைத் திறந்த உடனேயே கடற்பாசியும் மருந்துக்கடை வாடையும் கரிப்புகையும் அறையை நிறைக்கின்றன. பார்லியின் குரல் வெகுதூரத்திலிருந்து கேட்கிறது. புகை விஸ்கியில் பிரியமுள்ளவர்கள் இதை நான்கிலும் தலையாயது என்று கொண்டாடக்கூடும். அவர்களோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. என் மட்டில், கிண்ணத்தைச் சற்று நேரம் தனியே விட்டுவைத்து, புகையின் ஆரவாரம் அடங்கியபின் திரும்ப எடுத்தால், அடியில் மால்ட்டின் தித்திப்பு மறுபடி முளைத்து, இரண்டும் ஒருவாறு சமரசமாகிவிடுவதைக் காண முடிந்தது. அவசரக்காரர்களுக்கு இந்தச் சமரசம் கிட்டாது.

அமெரிக்கர்களின் போக்கு தனி. 1975இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம் ‘ஓல்ட் ஃபாக்ஹார்ன்’ என்பதையும், 1983இல் சியரா நெவாடா ‘பிக்ஃபுட்’ என்பதையும் காய்ச்சி, பார்லி வைனுக்கு அந்நாட்டில் மறுஜன்மம் அளித்தன. அங்கே ஹாப்ஸின் கசப்பு ஓங்கிற்று. போர்பன் பீப்பாய் வந்தபின் கசப்பு தணிந்து தித்திப்பும் வலிமையும் முன்வந்தன. சிகாகோவின் ரெவொலூஷன் நிறுவனம் போர்பன் பீப்பாயில் முதிரவிட்டு வெளியிடும் ‘ஸ்ட்ரெய்ட் ஜாக்கெட்’ இவ்வகையில் பெயர்பெற்றது. வெனிலாவும் தேங்காயும் எரிந்த சர்க்கரையும் ஒருசேர வந்து மோதும் அந்த அனுபவத்தில் பிரம்மாண்டம் இருக்கிறது. ஆனால் கருக்கிய புது ஓக் மரத்தில் ஒரே ஒரு முறை மட்டுமே குடியிருந்த விஸ்கியைத் தொடர்ந்து வருவதால், அங்கே மரம் இன்னும் இளமையின் துடுக்கோடு இருக்கிறது; ஐரோப்பியப் பீப்பாய்கள் பல கைமாறி, பல பானங்களுக்கு இடம் கொடுத்து, சாந்தமடைந்தவை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சரியாகப் பேணாத பீப்பாய் காடி உண்டாக்கும் கிருமிகளுக்குச் சத்திரமாகிவிடும். பெயர் சொல்ல வேண்டாத ஒரு சிறு காய்ச்சுசாலையின் பார்லி வைன் ஒன்றைத் திறந்தபோது நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை வீச, கிண்ணத்தை அப்படியே தொட்டியில் கவிழ்க்க வேண்டியதாயிற்று. காற்று அதிகமாகப் புகுந்ததன் அறிகுறி நனைந்த அட்டையின் வாசனை. அதை ஷெரியின் குணம் என்று விற்பனையாளர் வியாக்கியானம் செய்தால் நம்பிவிடலாகாது. வாதுமையும் அத்தியும் மணப்பது முதிர்ச்சி. அட்டை மணப்பது கேடு. இன்னொன்று, நான்கு தினுசுகளையும் ஒரே மாலையில் வரிசையாகச் சோதிக்கலாமென்று ஆசைப்படுவோருக்கு: ஒரு முழுப் புட்டியில் சுமார் 32 மில்லி லிட்டர் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மூவராகவோ நால்வராகவோ பகிர்ந்துகொள்ளாவிட்டால், மூன்றாவது தினுசைப் பற்றிய அபிப்பிராயம் நாவினுடையதாக இராது.

ஒன்றே ஒன்று வாங்கக் கையில் பணமிருந்தால் ஷெரிப் பீப்பாயைத் தேடலாம். இரண்டு வாங்க முடிந்தால், இரண்டாவதாக இன்னொரு பீப்பாயை நாடாமல், அதே ஆண்டு பொறித்த சாதாரண ஹார்வெஸ்ட் ஏலை வாங்கி, பக்கத்தில் வைத்து, அதையே முதலில் ருசிப்பது நல்லது. புட்டிகளை நிறுத்திய நிலையில், வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும்; திறந்துவிட்டால் மறுநாளைக்கு மிச்சம் வைப்பதில் அர்த்தமில்லை.